மயில்துத்தமும் சுண்ணாம்பும்: ஒரு வீட்டுக் கணக்கு



"வேதியியல் பாடம் புரிகிறது, கணக்குத்தான் வருவதில்லை" என்று குறைபட்டுக்கொள்ளாத மாணவர் மிகச் சிலரே. அவர்களுடைய வீட்டுக் கணக்கு ஏடுகளைப் புரட்டினால் ஓர் உண்மை புலப்படும். பெருக்கலும் வகுத்தலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறு அதற்கு முந்திய படியில் ஒளிந்திருக்கும். கையிலுள்ள பொருள் எது, அதன் எடையில் எவ்வளவு உண்மையில் அந்தப் பொருள் என்று கேளாமல் விட்ட இடம் அது. இதனை விளக்கப் போடிநாயக்கனூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

போடியிலிருந்து 17 கொண்டையூசி வளைவுகளை ஏறிக் கடந்தால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரள எல்லைக்குள் ஏலமலைத் தோட்டங்கள். அவற்றுள் பல, போடி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு உரியவை. மலையில் விளைந்த காய் அடிவாரத்துக்கு இறங்கி வந்து போடியில் விலைபோகிறது. ஏலம் ஏலத்துக்கு வருகிறது என்று நான் சொன்னால் சிலேடை என்று எண்ணிவிட வேண்டாம், நடப்பதே அதுதான்.

பறித்த பச்சைக் காயில் நூற்றுக்கு 80 பங்கு நீர் என்று கொள்வோம். அதனை நூற்றுக்கு 10 பங்கு நீர் நிற்கும்வரை உலர்த்துகிறார்கள். 100 கிலோ பச்சைக் காய் எத்தனை கிலோ உலர்ந்த காய் தரும்? "80-இல் 10 போக 70, ஆகவே 70 கிலோ நீர் போயிற்று, மீதி 30 கிலோ" என்று எழுதுவோர் பலர். தோட்டக்காரரைக் கேட்டால், ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக்கு ஒரு கிலோ தேறும் என்பார். அவர் சொல்வதே சரி. உலர்த்தும்போது மாறாமல் நிற்பது நீரல்லாத 20 கிலோ மட்டுமே. உலர்ந்த காயில் அந்த 20 கிலோ, நூற்றுக்கு 90 பங்காக இருக்கிறது. ஆகவே மொத்த எடை 22.2 கிலோ. மாணவன் விடையை நம்பி விலைபேசினால் ஏறக்குறைய எட்டுக் கிலோ காற்றை விற்க வேண்டிவரும்!

இனி, இத்தோட்டங்களுள் ஒன்றின் உரிமையாளருடைய மகன் வீட்டுக் கணக்கு செய்வதாக வைத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்னர் தந்தை போர்டோக் கலவை தயாரிக்கிறார். மழைக்காலத்தில் ஏலக்காய்க்கு வரும் அழுகல் நோய் கொடியது. காய்கள் நீர்கோத்து அழுகி உதிரும். ஓர் ஆண்டின் வருவாய் சில வாரங்களில் போய்விடும். அதனைத் தடுக்க ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் என்னும் அளவில் கலந்து தெளிப்பது வழக்கம். இக்கலவையின் பிறப்பே வேடிக்கையானது. பிரான்சு நாட்டின் போர்டோப் பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைப் பறித்துத் தின்னாதிருக்கச் சாலையோரக் கொடிகளின்மீது செம்புச் சேர்மத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைத்தனர். அக்கொடிகளை மட்டும் அடிச்சாம்பல் நோய் அண்டவில்லை என்பதை 1882-இல் மில்லார்தே என்னும் தாவரவியல் பேராசிரியர் கண்டார். ஆய்ந்து 1885-இல் உலகுக்கு அறிவித்தார்.

மாணவனுடைய கணக்கு இது: ஒரு கிலோ மயில்துத்தத்துக்கு எவ்வளவு சுட்ட சுண்ணாம்பு தேவை?

மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட்டு. செம்பின் அணு எடை 63.5, கந்தகம் 32, நான்கு ஆக்ஸிஜன் அணுக்கள் சேர்ந்து 64. கூட்டினால் 159.5. ஒரு பொருளின் மூலக்கூறு எடையைக் கிராமில் எடுத்தால் அது ஒரு மோல். எப்பொருளாயினும் ஒரு மோலில் அடங்கும் துகள்களின் எண்ணிக்கை ஒன்றே. ஆதலால்தான் வெவ்வேறு பொருள்களை மோலால் ஒப்பிடுகிறோம். ஆயிரத்தை 159.5-ஆல் வகுத்து 6.27 மோல் என்று எழுதுகிறான் மாணவன். வகுத்தல் சரி, விடை பிழை. ஏலக்காய்க்குள் நீர் இருந்தது போலவே இந்த நீலப் படிகத்துக்குள்ளும் நீர் இருக்கிறது. ஒவ்வொரு காப்பர் சல்பேட்டுடனும் ஐந்து நீர் மூலக்கூறுகள் கட்டுண்டிருக்கின்றன. சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்கிப் பாருங்கள். நீலம் மறைந்து வெண்பொடியாகும், குழாயின் வாயருகே நீர்த்துளிகள் படியும். அந்த நீரின் எடை 90-ஐயும் சேர்த்தால் 249.5. எனவே ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 4 மோல் மட்டுமே. முதல் விடை ஒன்றரை மடங்குக்கும் மேல் மிகை.

சுட்ட சுண்ணாம்பு நீரில் நீறி, மயில்துத்தத்தோடு ஒன்றுக்கு ஒன்று என்னும் மோல் அளவில் வினைபுரிந்து, செம்பு ஹைட்ராக்சைடையும் கால்சியம் சல்பேட்டையும் தருவதாகப் பள்ளிச் சமன்பாடு கூறும். தொட்டியில் நிகழ்வது இதனினும் சிக்கலானது. எனினும் நம் கணக்குக்கு இது போதும். சுட்ட சுண்ணாம்பின் மூலக்கூறு எடை 56. நான்கு மோலுக்கு 224 கிராம்.

"அப்பா, சுண்ணாம்பு கால் கிலோவே போதுமே! ஒரு கிலோ எதற்குப் போடுகிறீர்கள்?" என்று மாணவன் கேட்கிறான். கேட்க வேண்டிய கேள்விதான்.

இரு பொருள்கள் வினைபுரியும்போது எது முதலில் தீர்கிறதோ அதுவே விளைவின் அளவை முடிவு செய்கிறது. அதனை வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்பர். இங்கே முதலில் தீர வேண்டியது மயில்துத்தம். கரைந்த நிலையில் அது எஞ்சினால் இளந்தளிரைக் கருக்கிவிடும். சுண்ணாம்பு எஞ்சினால் அவ்வளவு தீங்கில்லை. ஆகவே சுண்ணாம்பைத் தாராளமாக இடுகிறார்கள்.

ஆனால் நான்கு மடங்கு தாராளமா? இங்குதான் மூன்றாவது முறையாகப் பழைய கேள்வி எழுகிறது. அந்த ஒரு கிலோவில் எவ்வளவு உண்மையில் சுட்ட சுண்ணாம்பு? மூட்டையைத் திறந்து போட்டால், அது காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஏற்று, மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது; சூளைக்குள் போகும் முன் இருந்த சுண்ணாம்புக்கல்லாகவே திரும்புகிறது என்றும் சொல்லலாம். கார்பனேட்டு நீரில் எளிதில் கரையாது. மயில்துத்தத்தோடு விரைவாக வினைபுரியவும் செய்யாது. ஒரு பழைய மூட்டையில் ஐந்தில் ஒரு பங்கே நல்ல சுண்ணாம்பாக எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோவில் 200 கிராம், அதாவது 3.57 மோல். தேவை 4.01 மோல். இப்போது முதலில் தீர்வது சுண்ணாம்பு! எஞ்சும் மயில்துத்தம் 0.44 மோல், எடையில் ஏறக்குறைய 110 கிராம். நோயைத் தடுக்கத் தெளித்த கலவையே தளிரைக் கருக்கும் நிலை வந்துவிட்டது. தராசு என்னவோ ஒரு கிலோ என்றுதான் காட்டியது.

தந்தை மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றுகிறார்; மாற்றி ஊற்றுவதில்லை. ஊற்றி முடியும்வரை தொட்டியில் சுண்ணாம்பே மிகுந்திருக்க வேண்டும் என்பதே அதன் காரணம். இரும்புக் கலத்தையும் அவர் தொடுவதில்லை. ஆனால் கலவை முடிந்ததும், நன்கு தீட்டிய அரிவாளை அதில் சிறிது நேரம் நிறுத்தி எடுத்துப் பார்க்கிறார். எஞ்சிய மயில்துத்தம் இருந்தால் இரும்பு அதிலுள்ள செம்பை வெளியேற்றித் தான் கரைசலுக்குள் புகும். செம்பு அரிவாளின்மீது செந்நிறமாகப் படியும்.

தேர்வாளர்க்கு மிகவும் பிடித்த வினா ஒன்று இவ்விடத்தில் இருக்கிறது. எஞ்சிய 0.44 மோலும் அரிவாளோடு முழுதாக வினைபுரிந்தால் அரிவாளின் எடை கூடுமா, குறையுமா? இரும்பு கரைவதால் குறையும் என்போரே மிகுதி. ஒரு மோலுக்கு 56 கிராம் இரும்பு போகிறது. அதன் இடத்தில் 63.5 கிராம் செம்பு வந்து அமர்கிறது. ஆதாயம் 7.5 கிராம். எனவே 0.44 மோலுக்கு 3.3 கிராம் கூடும்.

தந்தை அரிவாளை நிறுத்துப் பார்ப்பதில்லை. அலகில் செம்மை தெரிந்தால், புதிய மூட்டையைப் பிரித்து இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார். அலகைத் துடைத்து, மீண்டும் தொட்டிக்குள் இறக்குகிறார்.