உஷார்! லைசென்ஸைக் காட்டுங்கள்... போனைக் கொடுக்காதீர்கள்!

வாகனச் சோதனை. வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறார்கள். "லைசென்ஸ்?" என்றதும் போனின் லாக்கைத் திறந்து, டிஜிலாக்கரைத் தட்டி, அப்படியே காவலர் கையில் கொடுத்துவிடுகிறோம். அவர் அதைத் தள்ளி நிற்கும் அதிகாரியிடம் எடுத்துப் போகிறார்.

கவனியுங்கள்! போனது லைசென்ஸ் மட்டுமல்ல. வங்கிச் செயலி, வாட்ஸ்அப் பேச்சுகள், குடும்பப் படங்கள், அந்த நேரம் பார்த்து வந்து விழும் ஓ.டி.பி. என எல்லாமே திறந்த நிலையில் போகிறது. சில்லறை கேட்டவரிடம் பீரோ சாவியைக் கொடுத்த கதைதான்!

டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள உரிமம் சட்டப்படி செல்லும். மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2018-லேயே இதை மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. மின்னணு முறையில் சரிபார்த்துவிட்டால் அசலைக் கேட்கக் கூடாது என்ற விதியும் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. விதி கேட்பது ஆவணத்தைத்தான், உங்கள் போனை அல்ல. எனவே திரையைக் காட்டுங்கள். போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். "நம்பர் சொல்றேன் சார், செக் பண்ணிக்கோங்க" என்று பணிவாகச் சொல்லலாம். கொடுத்தே தீரவேண்டிய நிலை வந்தால், திரையில் ஒரே செயலியை மட்டும் நிறுத்திவைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்', ஐபோனில் 'கைடட் ஆக்சஸ்' என்ற பெயரில் இருக்கிறது. வெளியேற பின் நம்பர் கேட்கும்படி இன்றே அமைத்துவிடுங்கள்.

அடுத்த ஆபத்து, கேலரியில் கிடக்கும் லைசென்ஸ் போட்டோ. சோதனையில் அது செல்லாது. திருடனுக்கு மட்டும் நன்றாகவே செல்லும்! ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. விதிகளில் ஓட்டுநர் உரிமமும் ஓர் அடையாளச் சான்று. பெயர், முகவரி, பிறந்த தேதி, கையெழுத்து எல்லாம் ஒரே படத்தில் கிடைத்தால் மோசடிக்காரருக்கு வேறென்ன வேண்டும்? கேலரிப் படங்களில் உள்ள எழுத்துகளைப் படித்துத் திருடும் 'ஸ்பார்க்கேட்' என்ற தீநிரலை, ஆப்பிள், கூகுள் கடைகளில் இருந்த செயலிகளிலேயே 2025-ல் காஸ்பர்ஸ்கை நிறுவனம் கண்டுபிடித்தது. லாட்ஜிலும் வாடகை பைக் கடையிலும் "வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்றால் உடனே அனுப்பாதீர்கள். அந்தப் படம் எத்தனை போன்களில் தங்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நேரில் காட்டினால் போதுமா என்று கேளுங்கள். நகல் கட்டாயம் என்றால், அதன்மேல் எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, போலிச் செயலி. "உங்கள் வாகனத்துக்கு அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். கூடவே எம்-பரிவாகன் பெயரில் ஓர் ஏ.பி.கே. கோப்பு. தொட்டு நிறுவினால் உங்கள் எஸ்.எம்.எஸ். எல்லாம் மோசடிக் கும்பலுக்கும் போகும், ஓ.டி.பி. உட்பட! அபராதம் உண்மையா என்பதை அரசின் இ-சலான் தளத்தில் நீங்களே பாருங்கள். செயலியை அதிகாரபூர்வக் கடையில் மட்டும் இறக்குங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

நம் பக்கம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தகவல் வேறு வழியிலும் வெளியேறும். வாகன, உரிமத் தரவுகளைத் தனியாருக்குக் கொடுத்து 65 கோடி ரூபாய் ஈட்டியதாக 2019-ல் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. எதிர்ப்பு கிளம்பி, 2020-ல் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. அதனால்தான் நம் கையில் இருப்பதையாவது இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறோம்.

முடிவாக ஒன்று. போனில் ஏற்றியாயிற்று என்று பிளாஸ்டிக் அட்டையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். பர்ஸிலேயே இருக்கட்டும். அட்டையைக் கொடுத்தால் அட்டை மட்டும்தான் போகும்!