அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? பனவடலிசத்திரம் பக்கத்து ‘ஆர்.சி. ஸ்கூல்’ எப்படி ஓடுகிறது?

திருநெல்வேலியில் பஸ் ஏறி மானூர், தேவர்குளம், வன்னிக்கோனேந்தல் தாண்டி சங்கரன்கோவில் போகிற வழியில் பனவடலிசத்திரம் வரும். வடலி என்றால் இளம் பனை. ஊர் பெயரிலேயே பனையும் இருக்கிறது, வழிப்போக்கர் தங்கிய சத்திரமும் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மேல் இந்த ரோட்டில் நின்று பார்த்தால் இரண்டு விதமான பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். டை கட்டி, ஷூ போட்டு, மஞ்சள் வேனுக்காக நிற்பவர்கள் ஒரு பக்கம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்போடு நடப்பவர்கள் இன்னொரு பக்கம்.

நான் நடந்த கூட்டம். இந்தப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில் ஒன்று முதல் ஐந்து வரை படித்தேன். இங்கே கோயில் என்றால் மாதா கோயில். ‘எந்த ஸ்கூல்ல படிக்கே?’ என்று யாராவது கேட்டால் ‘ஆர்.சி.’ என்று சொன்னால் போதும். பக்கத்து ஊர்க்காரன் ‘டி.டி.டி.ஏ.’ என்பான். முதலாவது ரோமன் கத்தோலிக்கப் பள்ளி, இரண்டாவது சி.எஸ்.ஐ. திருநெல்வேலித் திருமண்டலத்தின் பள்ளி. நெல்லைச் சீமையில் இந்த இரண்டு சுருக்கெழுத்துக்கும் விளக்கம் தேவையில்லை.

சென்னைக்குப் படிக்க வந்த பிறகுதான் விளக்கம் தேவைப்பட்டது. ‘அப்போ நீ கவர்ன்மென்ட் ஸ்கூலா, பிரைவேட்டா?’ என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இந்த வருஷம் எங்க சித்தி தன் பையனை எங்கே சேர்ப்பது என்று கேட்டபோது, அந்தக் கேள்வி திரும்ப வந்தது.

சம்பளம் அரசு, சாவி ஃபாதர் கையில்

அதிகாரப்பூர்வமான பெயர் ‘அரசு உதவி பெறும் பள்ளி’. ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது தமிழக அரசு. பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, சத்துணவு எல்லாம் அரசுப் பள்ளியில் கிடைப்பது போலவே கிடைக்கும். தமிழ் மீடியத்தில் கட்டணம் கிடையாது. ஆனால் இடம், கட்டடம், நிர்வாகம் மறைமாவட்டத்துடையது அல்லது ஒரு துறவற சபையுடையது. பங்குத்தந்தை பெரும்பாலும் பள்ளியின் தாளாளராகவும் இருப்பார். ஓடு உடைந்தால், கக்கூஸ் கதவு பெயர்ந்தால் போய் நிற்க வேண்டியது அவரிடம்தான்.

இந்தப் பகுதிக்கான பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973-ல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. சங்கரன்கோவில் தாலுகா 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத்துக்குள் போய்விட்டது. மறைமாவட்டத்தின் பெயரில் மட்டும் இன்னும் பாளையங்கோட்டைதான்.

சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிலையங்களைத் தொடங்கி நடத்தும் உரிமை அரசியலமைப்பின் 30(1) பிரிவில் இருக்கிறது. அதனால் அரசு சம்பளம் கொடுத்தாலும், அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை நிர்வாகமே முடிவு செய்கிறது. பிறகு கல்வித்துறை ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் வரும்வரை சம்பளம் வராது.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்குத் தமிழகத்தில் அரசு மானியம் கிடையாது. அப்படியென்றால் இப்போது இருக்கிற உதவி பெறும் பள்ளிகள் எல்லாமே அதற்கு முந்தையவை. ஒன்று மூடப்பட்டால் அதன் இடத்தில் இன்னொன்று பிறக்காது. எண்ணிக்கை குறையத்தான் முடியும், கூடாது. மீதி எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

போகிற போக்கில் ஒரு சம்பளக் கதை. கன்னியாஸ்திரிகள் வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள். ஆசிரியையாக வாங்கும் சம்பளத்தை மடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பணத்துக்கு வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு பல வருஷம் நடந்தது. பிடிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் சொன்னதை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. எங்களுக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்த சிஸ்டர், சாக்பீஸ் துண்டைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டார். அவரும் வரி கட்டுபவர் என்று அப்போது நினைத்தே பார்த்ததில்லை.

அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர்

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். கிராமத்துச் சின்னப் பள்ளிகளில் பாதிக்கு மேல் இந்த முதல் வரியைத் தாண்டாது என்பது இந்தப் பக்கம் சுற்றியவர்களுக்குத் தெரியும். வகுப்போ ஐந்து. எப்படி நடத்துவார்கள்?

எங்கள் பள்ளியில் ஒரே நீள ஹால். பெரிய டீச்சர் நாலு, அஞ்சு. சின்ன டீச்சர் ஒன்று, ரெண்டு, மூணு. எல்லாரும் பாயில் வட்டமாக உட்காருவோம். சுவரில் எங்கள் உயரத்துக்குக் கரும்பலகை; ஆளுக்கு ஒரு கட்டம். தட்டில் கார்டுகள் அடுக்கியிருக்கும். நாம் எந்தப் படியில் இருக்கிறோமோ அந்தக் கார்டை நாமே எடுத்துப் படிக்க வேண்டும், முடித்ததும் ஏணிப்படியில் அடுத்த படி. அதுதான் செயல்வழிக் கற்றல், அதாவது ஏ.பி.எல். ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவான முறை, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் பரவியது.

ஏ.பி.எல். பற்றி ஆயிரம் குறை சொல்வார்கள். கார்டு தொலையும், டீச்சர் பதிவேடு எழுதியே ஓய்ந்துபோவார். ஆனால் ரெண்டாம் வகுப்பும் மூணாம் வகுப்பும் ஒரே பாயில் உட்காரும் பள்ளிக்கு அது பொருந்தியது என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. என்னை வாசிக்க வைத்தது டீச்சர் மட்டுமில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்பு அக்காவும்தான்.

இப்போது ‘எண்ணும் எழுத்தும்’. கொரோனா இடைவெளியில் பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க 2022 ஜூன் 13-ல் தொடங்கிய திட்டம். முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு, அடுத்த ஆண்டு 4, 5-ம் சேர்ந்தன. பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள்: அரும்பு, மொட்டு, மலர். நாலாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் அரும்பு. அந்தப் பெயர்கள் நல்ல யோசனை. ‘மக்கு’ என்ற சொல் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

ரெண்டு பேர் பள்ளியில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர்தான் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், ஆப்பில் வருகைப்பதிவு போட வேண்டும், சத்துணவுக் கணக்கு பார்க்க வேண்டும், மீட்டிங்குக்குப் போக வேண்டும். அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்.

சாமி கும்பிட வைப்பாங்களா?

சித்தியின் மாமியார் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஊர்ப்புறத்து ஆர்.சி. பள்ளிகளில் இந்துப் பிள்ளைகள் ஏராளம். காலை அசெம்ப்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்தும் உண்டு, ஜெபமும் உண்டு. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. சட்டமும் தெளிவு: அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் ஒரு குழந்தையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்க முடியாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு அது. எங்கள் பள்ளியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் கொண்டுவந்ததே கோனார் வீட்டுப் பையன். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போய்விட்டு வந்து, வாங்கிய பலூனை சிஸ்டரிடம் காட்டுவோம்.

எழுத்துப் படிக்கும்போது எல்லாப் பிள்ளையும் தடுமாறும் இடம் ஒன்று: ஒற்றைக்கொம்பா, இரட்டைக்கொம்பா? கெ-யா, கே-யா? ஓலைச்சுவடிக் காலத்தில் குறிலுக்கு மேலே புள்ளி வைத்துத்தான் பிரித்தார்கள். இன்றைக்கு நாம் எழுதும் ஏ, ஓ, இரட்டைக்கொம்பு எல்லாம் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்று சொல்வார்கள். இத்தாலியிலிருந்து வந்த அந்த இயேசு சபைத் துறவி, 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து ரொம்ப தூரமில்லாத காமநாயக்கன்பட்டியில் பணி செய்தவர். கொம்பு தப்பாகப் போட்டு நான் வாங்கிய அடிக்கு அவரும் ஒரு காரணம்.

காலை உப்புமாவுக்கு ரெண்டு வருஷம்

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 அரசுப் பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் தொடங்கிய விரிவாக்கத்தில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும் வந்தன. உதவி பெறும் பள்ளிகள் வரவில்லை.

இதன் அர்த்தம் கிராமத்தில்தான் புரியும். ஒரே தெரு, ஒரே வேலைக்குப் போகும் அம்மாக்கள். உளுந்து, பாசி எடுக்கும் சீசனில் விடியும் முன்பே காட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் பொங்கலும் கிச்சடியும் கிடைக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை நேற்று வைத்த சோற்றைத் தின்றுவிட்டோ தின்னாமலோ ஆர்.சி. ஸ்கூலுக்கு நடக்கிறது. ஏழ்மை இரண்டு வீட்டிலும் ஒன்று. பள்ளியின் போர்டு மட்டும் வேறு. எந்த அம்மாவாக இருந்தாலும் பிள்ளையை எங்கே மாற்றுவாள்?

2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளில் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும் திட்டம் வந்தது. அதைத் தொடங்கிவைத்த இடமே ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி: திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் பள்ளி. 3,995 பள்ளிகள், 2 லட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். நகரப்புறத்துக்கு இன்னும் ஓராண்டு ஆனது. 2025 ஆகஸ்ட் 26-ல் மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில் 2,429 பள்ளிகளுக்குத் தொடங்கியது.

சரி, வந்துவிட்டது. ஆனால் இடைப்பட்ட இரண்டு ஜூன் மாதச் சேர்க்கையில் போன பிள்ளைகள் போனதுதான். இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அடுத்த விஷயம் அதில்தான் தொங்குகிறது.

ஆகஸ்ட் 1

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது. சின்னப் பள்ளியில் நாலு பிள்ளைகள் குறைந்தாலே ஒரு பணியிடம் ‘உபரி’ ஆகலாம். டீச்சர் போனால் பெற்றோர் யோசிப்பார்கள், இன்னும் பிள்ளைகள் குறைவார்கள். சுழல் ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? முதலில், பிறப்பதே குறைவு. 2020-ம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் கருவள விகிதம் 1.4; நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. பிறகு திருப்பூருக்கும் கோவைக்கும் குடும்பத்தோடு போனவர்கள். மீதிப் பேரை ஆங்கில மீடியம் வேன் ஏற்றிக்கொள்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்கான கட்டணத்தை அரசே தனியார் பள்ளிக்குக் கொடுக்கிறது. ஒரு கையால் சின்னப் பள்ளிக்குச் சம்பளம் கொடுத்து, மறு கையால் அதன் பிள்ளையை வெளியே அனுப்புகிற மாதிரி இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. விளைவு மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்கு நடுவில் டெட். பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித்தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓய்வுபெற 5 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேறாமலே பணியில் தொடரலாம், பதவி உயர்வுக்கு மட்டும் தேர்வு வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா? கல்வி உரிமைச் சட்டமே அவற்றுக்குப் பொருந்தாது என்பது 2014 தீர்ப்பு. அது சரியா என்ற கேள்வியைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அதே செப்டம்பர் தீர்ப்பில் அனுப்பிவிட்டார்கள்.

சித்தியின் சந்தேகம்

சித்தி கடைசியாகக் கேட்டது: ‘ஆர்.சி.ல சேத்தா பின்னாடி அந்த ஏழரை சதவீதம் போயிருமாடி?’

போகாது. மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை எங்கே படித்தாலும் கணக்கில் வராது. ஆனால் ஆறாம் வகுப்புக்கு உதவி பெறும் பள்ளிக்கே போனால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது, அப்போது யோசித்துக்கொள்ளலாம். கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு.

எல்லாம் கேட்டுக்கொண்டாள். காலைச் சாப்பாடு உண்டு என்றதும் முகம் தெளிந்தது. கூலிக்குப் போகிறவளுக்கு அந்த ஒரு வேளை என்னவென்று எனக்குத் தெரியும். அப்புறம் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவனைப் பார்த்துவிட்டு, ‘வேன் வருமா?’ என்றாள்.

வராது, நடந்துதான் போகணும் என்றேன்.