டாப் கியர் எப்போதும் சிக்கனமா? மலைப்பாதை பைக் பயணத்தில் சரியான கியரைத் தேர்வு செய்வது எப்படி

புதுடெல்லி: மணாலியில் இருந்து லே செல்லும் நெடுஞ்சாலை கோடையில் திறக்கப்பட்டதும், நாட்டின் பல மாநிலங்களில் இருந்தும் மோட்டார் சைக்கிள் பயணிகள் இமயமலையை நோக்கிப் புறப்படுகின்றனர். டயர், குளிர் உடை, ஆக்சிஜன் குறைபாடு ஆகியவை குறித்து அவர்கள் விரிவாக விசாரித்துக் கொள்கின்றனர். கியர் குறித்துக் கேட்பவர்கள் குறைவு. சமவெளியில் ஆண்டுக்கணக்கில் ஓட்டிய பழக்கம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம்.

அந்தப் பழக்கங்களில் முதன்மையானது, கூடிய விரைவில் டாப் கியருக்கு மாறினால் பெட்ரோல் மிச்சம் என்பது. சமதளச் சாலையில், ஒருவர் மட்டும் சீராகச் செல்லும்போது இது பெருமளவு உண்மை. பின்னிருக்கையில் ஒருவரும் இருபுறமும் பைகளும் ஏறிய பிறகு, ஏற்றத்திலும் அதையே பின்பற்றினால் எஞ்சின் திணறும். எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் எந்தக் கியர் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். ஒரே 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமதளத்தில் நான்காவது கியர் போதுமானதாக இருக்கலாம்; செங்குத்தான சாலையில் இரண்டாவது கியர் தேவைப்படலாம். எஞ்சின் மீது விழும் சுமைதான் கியரை முடிவு செய்கிறது.

கணக்கு சொல்வது என்ன?: 2016ஆம் ஆண்டு அறிமுகமாகி, லடாக் சாலைகளில் அதிகம் காணப்படும் வண்டிகளில் ஒன்றான ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411ஐ எடுத்துக்கொள்ளலாம். சென்னைக்கு அருகே உள்ள ஆலைகளில் தயாரான வண்டி இது. இதன் அதிகபட்ச முறுக்குவிசை 32 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது நிமிடத்துக்கு 4,000 முதல் 4,500 சுற்றுகளுக்குள். அதிகபட்ச ஆற்றலான 24.3 குதிரைத்திறன் 6,500 சுற்றில் கிடைக்கிறது.

வண்டி, இருவர், சாமான்கள் அனைத்தும் சேர்ந்து 370 கிலோ என்று கொள்வோம். 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சுமார் 5 குதிரைத்திறன் தேவை. எஞ்சின் 4,000 சுற்றில் இருந்தால் கடல்மட்டத்தில் அது தரக்கூடியது 18 குதிரைத்திறன். 2,000 சுற்றில் முறுக்குவிசை 28 நியூட்டன் மீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், கிடைப்பது 8 குதிரைத்திறனுக்கும் குறைவு. ஆற்றல் என்பது முறுக்குவிசையையும் சுற்று வேகத்தையும் பெருக்கி வருவது என்பதால் இந்த வேறுபாடு.

8 இருக்கும்போது 5 போதுமே என்று தோன்றலாம். ஆனால், இந்தச் சாலையில் உள்ள தங்லாங் லா கணவாயின் உயரம் 5,328 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 58 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சினின் ஆற்றலும் கிட்டத்தட்ட அதே அளவில் குறையும். 18 என்பது 10 ஆகச் சுருங்கும். 8 என்பது நாலரை ஆகிவிடும். அதாவது, 2,000 சுற்றில் த்ராட்டிலை முழுவதுமாகத் திருகினாலும் வண்டி வேகத்தை இழந்துகொண்டே இருக்கும். ஒரு கியர் குறைத்தால் அதே வண்டி சிரமமின்றி ஏறும். வண்டியில் கோளாறு என்று நினைத்துப் பலர் வழியில் மெக்கானிக்கைத் தேடுவதற்கு இந்த எளிய கணக்கே காரணமாக இருக்கக்கூடும்.

இன்றைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் காற்றின் அழுத்தத்தை உணர்ந்து எரிபொருள் அளவைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. இதனால் கார்புரேட்டர் வண்டிகளைப் போல் கரும்புகை கக்குவதில்லை. இழந்த ஆற்றலை எந்த மின்னணுக் கருவியாலும் திருப்பித் தர இயலாது.

எஞ்சின் திணறினால் என்ன ஆகும்?: ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிபொருள் வெடித்து விசை பிறக்கிறது. 1,500 சுற்றில் இது விநாடிக்கு 12 அல்லது 13 முறை. அப்போது த்ராட்டிலை அதிகமாகத் திறந்தால், ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனிச் சம்மட்டி அடியாக செயின், ஸ்ப்ராக்கெட், பேரிங் வரை சென்று சேரும். பிஸ்டன் மெதுவாக நகர்வதால், அழுத்தப்பட்ட சூடான கலவை தானாகவே தீப்பற்றும் வாய்ப்பும் கூடுகிறது. 'நாக்கிங்' எனப்படும் உலோகத் தட்டல் ஒலி அதன் அடையாளம். இந்த நிலையில் மைலேஜும் கூடுவதில்லை. பல எஞ்சின்கள் தம்மைக் காத்துக்கொள்ளக் கூடுதல் பெட்ரோலைச் செலுத்துகின்றன.

கிளாசிக் 350 போன்ற வண்டிகளில் சுற்று வேகத்தைக் காட்டும் மீட்டரே கிடையாது. அங்கு காதும் கையும்தான் துணை. த்ராட்டிலைச் சற்றே திருகும்போது வண்டி உடனே முன்னேறினால் கியர் சரி. ஒலி மட்டும் கனத்து, கைப்பிடியில் தடதடப்பு கூடி, வேகம் ஏறாமல் இருந்தால் ஒரு கியர் குறைக்க வேண்டும்.

வண்டி மாறினால் இந்த அளவும் மாறும். 2023ஆம் ஆண்டு வந்த ஹிமாலயன் 450இன் அதிகபட்ச முறுக்குவிசை 5,500 சுற்றிலும், அதிகபட்ச ஆற்றல் 8,000 சுற்றிலும் கிடைக்கின்றன. பழைய 411க்குப் பழகியவர்களுக்கு 5,000 சுற்றின் ஒலி மிகையாகத் தோன்றும். அந்த எஞ்சினுக்கு அது இயல்பான நடை.

கொண்டை ஊசி வளைவுகளில்: மணாலி-லே சாலையின் காட்டா லூப்ஸ் பகுதியில் 21 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றுவது இங்கு நிகழும் பொதுவான தவறு. கிளட்ச்சைப் பிடிக்கும் அந்த நொடியில் சக்கரத்துக்கு விசை கிடைக்காது. சாய்ந்த நிலையில், சுமையுடன் எஞ்சின் நின்றுவிட்டால் வண்டி உட்புறமாக விழும். வளைவுக்கு முன்பே வேகத்தையும் கியரையும் குறைத்துக்கொண்டு, சீரான த்ராட்டிலுடன் வளைவை முடிப்பதே முறை.

இறக்கத்தில் கூடுதல் கவனம்: கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரத்தில் உள்ளது. லே நகரம் சுமார் 3,500 மீட்டரில். 370 கிலோ எடையுடன் இந்த 1,850 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். காற்றும் சாலையும் எடுத்துக்கொண்டது போக, மீதி முழுவதையும் பிரேக் மீது சுமத்தினால் டிஸ்க்கும் பேடும் கொதிக்கும். டாட் 4 வகை பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உருவானால், லீவர் கைப்பிடி வரை வந்தும் வண்டி நிற்காது.

ஆகவே, ஏறும்போது பயன்படுத்திய கியரிலோ, அதற்கும் குறைந்த கியரிலோ இறங்க வேண்டும் என்பது பழைய விதி. த்ராட்டிலை மூடியதும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நீலகிரியில் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கல்லட்டி மலைப்பாதைக்கும் இதுவே பொருந்தும்.

பெட்ரோலைச் சேமிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறங்குபவர்கள் உண்டு. ஆபத்து ஒருபுறம் இருக்க, சேமிப்பும் கிடையாது. பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருந்தபடி த்ராட்டிலை மூடினால் எரிபொருள் முற்றிலும் நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகிறது.

கியரை ஒவ்வொன்றாகக் குறைப்பது அவசியம். வேகமாகச் செல்லும்போது இரண்டு, மூன்று கியர்களை ஒரே மூச்சில் தட்டி கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் வழுக்கும். எஞ்சின் அனுமதிக்கப்பட்ட சுற்றைத் தாண்டும். ஹிமாலயன் 450இல் உள்ள ஸ்லிப்பர் கிளட்ச் இந்த அதிர்ச்சியைத் தணிக்கும். 411இல் அந்த வசதி இல்லை.

சமவெளியில் எதிர்க்காற்று: 80 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து 100க்குச் செல்லும்போது காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிறது. பலத்த எதிர்க்காற்றிலும் விளைவு இதுவே. 20 குதிரைத்திறன் கொண்ட 350 சிசி வண்டி டாப் கியரில் வேகம் இழந்தால், நான்காவதுக்கு இறங்குவதில் தயக்கம் தேவையில்லை.

லடாக் வழியில் சாலையைக் குறுக்கிட்டு ஓடும் பனியாறுகளுக்கு முதல் கியரே உகந்தது. நீருக்குள் இறங்கும் முன்பே அதற்கு மாறி, சமதளத்தில் ஓட்டுவதைவிடச் சற்றுக் கூடுதலான சுற்றில் சீராகக் கடக்க வேண்டும். நடுவில் கியரை மாற்றவோ, த்ராட்டிலை மூடவோ கூடாது. பனி உருகும் பிற்பகலில் நீர்மட்டம் உயர்வதால், அனுபவம் வாய்ந்த பயணிகள் இவற்றைக் காலையிலேயே கடந்துவிடுகின்றனர்.