தூக்குக்கு முன் இன்னொரு தண்டனை

புதுதில்லி: திகார் சிறைக்கு 1978 ஜனவரி 23-ஆம் தேதி மூவர் சென்றனர். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.எச். பெக், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி பி.எஸ். கைலாசம் ஆகியோரே அவர்கள். தனிமைச் சிறை குறித்தும் கால் விலங்கு குறித்தும் கைதிகள் இருவர் தொடுத்த வழக்குகளின் தொடர்ச்சியாக அமைந்தது அந்தப் பார்வை. வாதங்களைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதே வழக்கமான உச்ச நீதிமன்றம், கொட்டடியின் கதவு வரை சென்று பார்த்தது அபூர்வமானது.

மனுதாரர்களில் ஒருவரான சுனில் பத்ராவுக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்திருந்தது. அத்தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்வதற்கு முன்பே அவரைச் சிறை நிர்வாகம் தனிமையில் அடைத்தது. 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்தில் உள்ள 30-வது பிரிவே நிர்வாகத்தின் ஆயுதம். மரண தண்டனை பெற்றவர் சிறைக்குள் வந்தவுடன் சோதனையிடப்பட வேண்டும்; ஆபத்தானவை என்று கருதப்படும் பொருள்கள் பறிக்கப்பட வேண்டும்; மற்றக் கைதிகளிடமிருந்து பிரித்து ஓர் அறையில் அடைத்து, இரவும் பகலும் காவலர் ஒருவரின் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு.

ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளும் கருணை மனுவும் முடிவுற்று, தண்டனையை நிறைவேற்றத் தடையேதும் இல்லை என்ற நிலை வரும் வரை ஒருவரை 'மரண தண்டனைக்கு உள்ளானவர்' என்று இப்பிரிவின் கீழ்க் கருத இயலாது என்று அது தெளிவுபடுத்தியது. அந்த நிலை வந்த பின்னரும் இப்பிரிவு தனிமைச் சிறைக்கு அனுமதி தரவில்லை என்றும் கூறியது.

தனிமைச் சிறை என்பது தன்னளவிலேயே ஒரு தண்டனை. அதை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அதற்கும் சட்டம் எல்லை வகுத்துள்ளது: மொத்தம் 3 மாதங்களுக்கு மேல் கூடாது, ஒரே தடவையில் 14 நாள்களைத் தாண்டக் கூடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இவ்வரம்பு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

இந்த 14 நாள் கணக்கை கர்நாடகத்தின் பெலகாவி இண்டல்கா சிறையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொலை வழக்கில் 2006-ல் மரண தண்டனை பெற்ற பி.ஏ. உமேஷ், 2016 வரை ஏறத்தாழ 10 ஆண்டுகள் அங்கே தனிமையில் வைக்கப்பட்டிருந்தார். அவரது கருணை மனு நிராகரிக்கப்பட்டதே 2013 மே மாதத்தில்தான். 2022 நவம்பர் 4-ஆம் தேதி, தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையிலான அமர்வு இந்தத் தனிமையைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று கூறி, தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. 30 ஆண்டுகளாவது சிறையில் கழிக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. குற்றம் கொடியது என்பதில் நீதிபதிகளுக்கு ஐயமில்லை. ஆயினும் நீதிமன்றம் விதிக்காத ஒரு தண்டனையைச் சிறை நிர்வாகம் பத்தாண்டுகள் நிறைவேற்றியிருந்தது.

தமிழகத்துக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. 1983-ல் வைத்தீஸ்வரன் வழக்கில், மனுதாரர் எட்டு ஆண்டுகள் தனிமையில் அடைக்கப்பட்டிருந்ததை நீதிபதி சின்னப்ப ரெட்டி சுட்டிக்காட்டி, மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றினார். தண்டனையை நிறைவேற்ற இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாமதமானாலே அதைக் குறைக்கலாம் என்று அத்தீர்ப்பு வகுத்த விதியைச் சில வாரங்களிலேயே மற்றோர் அமர்வு ஏற்க மறுத்துவிட்டது. தாமதம் பற்றிய சட்ட விவாதம் நீண்டதே தவிர, கொட்டடி பற்றிய கேள்வி பின்னுக்குப் போயிற்று.

அது மீண்டும் முன்னுக்கு வந்தது 2014 ஜனவரி 21-ஆம் தேதி. தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு 15 பேரின் தூக்குத் தண்டனையை ரத்து செய்ததுடன், சிறைகளுக்குக் கட்டளைகளும் பிறப்பித்தது. கருணை மனு நிராகரிக்கப்படும் முன் தனிமைச் சிறை கூடாது. நிராகரிப்பைத் தெரிவித்த பின் 14 நாள் அவகாசம் தர வேண்டும். மனநலப் பரிசோதனை நடத்த வேண்டும். குடும்பத்தினரைக் கடைசியாகச் சந்திக்க வகை செய்ய வேண்டும் என்பவை அவற்றுள் சில. இவையெல்லாம் நீதிமன்றம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2013 பிப்ரவரி 9-ஆம் தேதி, திகாரில் அப்சல் குரு தூக்கிலிடப்பட்ட செய்தியைத் தாங்கிய விரைவு அஞ்சல் காஷ்மீரில் இருந்த குடும்பத்தாரை அடைந்தபோது, அவர் சிறை வளாகத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டு இரண்டு நாள்கள் ஆகியிருந்தன.

கயிறு மட்டுமே தண்டனை என்று பொதுவாக எண்ணப்படுகிறது. நிர்பயா வழக்கில் நால்வர் 2020 மார்ச் 20-ஆம் தேதி திகாரில் தூக்கிலிடப்பட்டனர். அதன் பிறகு 2024 முடிய நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் 2024 இறுதியில் மரண தண்டனையின் நிழலில் இருந்தோர் 564 பேர் என்கிறது தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. இவர்களுக்கு நாள்தோறும் நேர்வது காத்திருப்புதான். சிறைத் தொழிற்கூடத்தில் வேலை பெறுவது கடுங்காவல் கைதிக்கு உரியது. தூக்குக் கைதிக்குப் பல இடங்களில் அதுவும் மறுக்கப்படுகிறது. கூலி இல்லை, பொழுதைக் கழிக்க வழியும் இல்லை. ஊரிலிருந்து வெகு தொலைவில் உள்ள மத்திய சிறைக்கு வந்து பார்த்துச் செல்லும் செலவை ஏழைக் குடும்பங்களால் தாங்க முடிவதில்லை. அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஐந்து மாநிலங்களில் 88 தூக்குக் கைதிகளைச் சந்தித்து 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 62 விழுக்காட்டினருக்கு மனநோய் இருந்ததாகத் தெரிவித்தது.

இவர்களில் பலர் இறுதியில் தூக்குக் கைதிகளே அல்லர் என்பது இன்னொரு விஷயம். 2000-க்கும் 2015-க்கும் இடையே விசாரணை நீதிமன்றங்கள் விதித்து, மேல்முறையீட்டில் முடிவான மரண தண்டனைகளில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே நிலைத்தன. சுமார் 30 விழுக்காடு விடுதலையில் முடிந்தன. மகாராஷ்டிரத்தின் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009-ல் மரண தண்டனை என்று தீர்ப்பளித்த அதே உச்ச நீதிமன்றம், 2019 மார்ச்சில் அந்த ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று கூறி விடுவித்தது. சிறையில் கழிந்தது 16 ஆண்டுகள். தலைக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு.

நாடாளுமன்றத்துக்கு இதையெல்லாம் சீர்செய்ய வாய்ப்பு வந்தது. 2023 டிசம்பரில் மூன்று குற்றவியல் சட்டங்களும் மாற்றி எழுதப்பட்டன. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நிலையில், மசோதாக்கள் டிசம்பர் 20, 21 தேதிகளில் நிறைவேறின. கருணை மனுவுக்கென முதன்முறையாக ஒரு தனிப் பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-வது பிரிவு, சேர்க்கப்பட்டது. கொட்டடிக்குள் என்ன நடக்க வேண்டும் என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதைக் காரணமாகக் காட்டலாம். 1894 சட்டத்துக்கு மாற்றாக ஒரு மாதிரிச் சட்டத்தை மத்திய உள்துறை அமைச்சகம் 2023 மே மாதம் மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆனால் அதை ஏற்பது மாநிலங்களின் விருப்பம். தனிச் சட்டம் இயற்றாத மாநிலங்களில் 30-வது பிரிவின் அதே வாசகமே சிறைக் கண்காணிப்பாளரின் மேஜையில் இருக்கிறது.

புதிய 472-வது பிரிவு நாள்களைக் கணக்கிட்டுத் தந்திருக்கிறது. மேல்முறையீடு தள்ளுபடியான தகவல் கிடைத்த 30 நாள்களுக்குள் கைதி கருணை மனு தாக்கல் செய்ய வேண்டும். ஆளுநர் நிராகரித்தால் 60 நாள்களுக்குள் குடியரசுத் தலைவரிடம் செல்ல வேண்டும். மாநில அரசின் கருத்து வந்த 60 நாள்களில் மத்திய அரசு பரிந்துரை அனுப்ப வேண்டும். அந்தப் பரிந்துரையின் மீது குடியரசுத் தலைவர் எத்தனை நாள்களில் முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு மட்டும் காலக்கெடு குறிக்கப்படவில்லை.