பேட்டில்சோன்

பேட்டில்சோன் என்பது அட்டாரி நிறுவனம் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட டாங்கிப் போர் நிகழ்பட ஆட்டம் ஆகும். காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்காக எட் ரோட்பெர்க் இதனை வடிவமைத்தார். ஆடுபவர் இரு கைப்பிடிகளால் டாங்கியை ஓட்ட வேண்டும். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளினால் டாங்கி நின்ற இடத்திலேயே திரும்பும்.

தோற்றம்

அக்காலக் கருவிகளால் முப்பரிமாண உருவங்களுக்கு வண்ணம் நிரப்பி விரைவாக வரைய இயலவில்லை. எனவே விளிம்புகள் மட்டும் ஒளிக்கோடுகளாக வரையப்பட்டன. கருப்பு வெள்ளைத் திரையின் மேல் பதித்த பச்சை, சிவப்புத் தாள்களே நிறம் தந்தன.

வரவேற்பு

தொலைவில் தெரியும் எரிமலை ஆடுபவர்களை ஈர்த்தது. நெடுந்தூரம் ஓட்டினால் அதை அடையலாம் என்ற வதந்தி பரவியது. உண்மையில் அம்மலை எப்போதும் அதே தொலைவில்தான் இருக்கும். அமெரிக்கத் தரைப்படைக்கென ஒரு பயிற்சிப் பதிப்பும் உருவானது. இராணுவப் பயன்பாட்டை விரும்பாத ரோட்பெர்க், மனமின்றியே அதனைச் செய்து முடித்தார்.

மறுவடிவம்

2016 இல் ரெபெல்லியன் நிறுவனம் மெய்நிகர் தலையணிக்கென இதனை நியான் ஒளிர்வுடன் மீண்டும் உருவாக்கியது. டாங்கிக்குள் அமர்ந்திருக்கும் உணர்வு பாராட்டப்பட்டது. பணிகள் ஒரே மாதிரி திரும்ப வருவது குறையாகக் கூறப்பட்டது. 1980 இல் வேறு வழியின்றி வந்த ஒளிக்கோடுகள், இதில் விரும்பித் தேர்ந்த அழகாயின.