சுழலாத விசிறியும் சூடேறும் கணினியும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி 1960களின் தொடக்கம் முதல் திறந்தவெளிச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்பட்டு, அருகிலேயே அனல்மின் நிலையங்களில் எரிக்கப்படுவதால், அதை ஒட்டிய வடலூரில் மேசைக் கணினியின் விசிறி, கோடை வெப்பத்தோடு தூசியையும் தாங்கியே சுழல வேண்டியிருக்கிறது. கணிப்பு வேலையைச் செய்யும் செயலி, தன் வெப்பத்தை மேலே பொருத்தப்பட்ட ஹீட் சிங்க் எனும் உலோகத் தகட்டடுக்குக்குக் கடத்த, விசிறி அந்த இடுக்குகளில் காற்றைச் செலுத்தி அதை வெளியேற்றுகிறது. இடுக்கு அடைபட்டாலோ விசிறி நின்றாலோ, 100 டிகிரி செல்சியஸை நெருங்கும் செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு தணியாவிட்டால் கணினியே அணைந்துவிடும். இந்த மந்தத்தை வைரஸின் வேலை என்று கருதிச் செலவழிப்போர், கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை.

ஆகவே விசிறியை மாற்றுவதற்கு முன், குறை விசிறியில்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்தபின், இறக்கையை விரலால் சுழற்றும்போது அது சட்டென்று நின்றால், அச்சைத் தாங்கும் பேரிங் உலர்ந்திருக்கிறது எனலாம்; தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுவது தற்காலிகத் தீர்வே. கையால் எளிதில் சுழன்றும் மின்சாரத்தில் சுழலாத விசிறியை, மதர்போர்டின் வேறொரு விசிறி இணைப்பில் செருகிப் பார்க்கலாம். அங்கே ஓடினால் பழுது விசிறியில் இல்லை. நான்கு பின் இணைப்பில் இரண்டு மின்சாரத்துக்கும், மூன்றாவது, ஒரு சுழற்சிக்கு இரண்டு துடிப்பு வீதம், வேகத்தைத் தெரிவிப்பதற்கும், நான்காவது வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் உரியவை என்பதால், இரண்டு கம்பி மட்டுமே உள்ள மலிவு விசிறியைச் செயலிக்குப் பொருத்தினால், அது நன்றாகச் சுழன்றாலும் திரையில் விசிறிப் பிழை என்ற எச்சரிக்கை தோன்றக்கூடும்.

புதிய விசிறி பழையதன் அளவிலும் (பெரும்பாலும் 80, 92 அல்லது 120 மில்லிமீட்டர்), 12 வோல்ட் மின்னழுத்தத்திலும், பின்களின் எண்ணிக்கையிலும் பொருந்த வேண்டும். காற்று செல்லும் திசையைச் சட்டத்தில் உள்ள அம்புக்குறி காட்டும்; அக்குறி இல்லாவிடில், தாங்குகம்பிகள் உள்ள பக்கமே காற்று வெளியேறும் பக்கம் எனக் கொள்ளலாம். ஹீட் சிங்க்கையும் கழற்ற நேர்ந்தால், செயலிக்கும் அதற்கும் இடையே வெப்பம் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக இட வேண்டும். பிளோயரால் தூசியை ஊதும்போது இறக்கையைப் பிடித்துக்கொள்வது அவசியம். கட்டற்றுச் சுழன்றால் பேரிங் கெடும். கேபினெட்டை மூடுமுன் பயாஸ் எனும் தொடக்க அமைப்புத் திரையில் விசிறியின் வேகத்தையும் செயலியின் வெப்பநிலையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டால், மீண்டும் திருகுகளைக் கழற்றும் வேலை மிச்சம்.