முரசு வலி: நின்றுவிட்டால் சுகமாகிவிட்டதா?

முரசு நோகத் தொடங்கினால் எமது வீடுகளில் முதலில் வருவது உப்புத் தண்ணீர். அடுத்தது கராம்பு. அதற்கும் அடங்காவிட்டால் வலி மாத்திரை. பல் வைத்தியர் கடைசி ஆள். இரண்டு நாளில் வலி நின்றுவிட்டால் அவரை மறந்தும் விடுகிறோம். வலி நின்றால் நோய் போய்விட்டது என்று எண்ணுவதுதான் நாம் விடும் பெரிய பிழை.

கூடுதலானோருக்கு முரசு நோய் வரக் காரணம், பல்லின் அடியில் படியும் கிருமிப் படலம். முரசு சிவந்து வீங்கும். பல் தீட்டும்போது இரத்தம் வரும். இரத்தத்தைக் கண்டு அந்த இடத்தைத் தீட்டாமல் விட்டால் நோய் கூடும். மென்மையான பிரஷால் பல் இடுக்குகளையும் சேர்த்துத் துப்புரவாக்கினால் இந்தக் கட்டத்தில் முரசு தேறிவிடும். படலம் இறுகிப் பற்காரையாகிவிட்டால் பிரஷுக்கு அசையாது. பல் மருத்துவமனையில்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அதையும் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இது பெரும்பாலும் வலியின்றி நடப்பதால், பல் ஆடும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

வேறு காரணங்களும் உண்டு. ஞானப்பல் பாதி முளைத்து நிற்பது, பல்வேரில் சீழ் கட்டுவது, வாய்ப்புண், பொருந்தாத பொய்ப்பல், அழுத்தித் தீட்டுவது ஆகியவை அவற்றுட் சில. கர்ப்பிணிகளுக்கு முரசு இலகுவில் வீங்கும். நீரிழிவு முரசு நோயைக் கூட்டும். முரசு நோய் சீனியைக் கட்டுப்படுத்த விடாது. இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையால் சிலருக்கு முரசு தடிக்கும். அப்படியென்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உப்புத் தண்ணீரால் கொப்பளிப்பது நல்லதுதான். ஆனால் அஸ்பிரின் குளிசையை முரசில் வைக்க வேண்டாம். அது தசையைப் பொசுக்கிவிடும்.

வலியோ இரத்தக்கசிவோ ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், சீழ் வந்தால், பல் ஆடினால் பல் வைத்தியரிடம் போக வேண்டும். இரண்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணை, குறிப்பாக வெற்றிலை பாக்கு, புகையிலைப் பழக்கமுள்ளவர்கள், கட்டாயம் காட்ட வேண்டும். அது புற்றுநோயாகவும் இருக்கலாம். முகம் வீங்கி, காய்ச்சலுடன் விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமென்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுவோரே எம்மிடையே அதிகம். கனடாவில் இருப்போருக்கு மத்திய அரசின் பற்சிகிச்சைத் திட்டம் உண்டு. 2025 முதல் 18 முதல் 64 வயது வரையானோரும் இதில் சேரலாம். வேலையிடத்திலோ வேறு வழியிலோ பற்காப்புறுதி கிடைக்காதவராகவும், குடும்பத்தின் நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைந்தவராகவும் இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் வருமான வரிப் பத்திரம் தாக்கல் செய்திருக்க வேண்டும். வரிக் கணக்கு எழுதும் எம்மைப் போன்றவர்கள் காண்பது, ஒருவர் தாக்கல் செய்து மற்றவர் விட்டுவிடுவதைத்தான். வைத்தியரின் கட்டணம் திட்டம் தருவதை விடக் கூடலாம். வித்தியாசம் எவ்வளவென்று முன்கூட்டியே கேளுங்கள்.

வீட்டிலுள்ள வயது போனவர்களையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று, நொந்தாலும் சொல்லாமல் ஒரு பக்கத்தால் சப்பிக்கொண்டிருப்பார்கள்.